பூபதிராஜா வேண்டாமென்றார்

கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குச் சற்று முன்னால், மாந்தோப்பும் நெல்வயலும் மாறி மாறி வரும் ரோட்டில் நின்று பூபதிராஜா வீடு எது என்று கேட்டால், "மயில் ஓட்டற விமானக்காரர் ஊடுங்களா?" என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். மயிலை ஓட்டத்தான் அவர் முதலில் விமானம் வாங்கினார். மயிலும் போகவில்லை, விமானமும் அவரை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் நெல் பால் பிடிக்கிற சமயம் பார்த்து மயில்கள் குடும்பத்தோடு சாப்பிட வரும். தேசியப் பறவை. கல்லெறிந்தால் வனத்துறை கேஸ் போடும். ஆகவே மரியாதையாகத்தான் வழியனுப்ப வேண்டும். பூபதிராஜா தகரம் தட்டினார். ஓலைவெடி போட்டார். பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டி வயலெங்கும் தொங்கவிட்டார். மயில்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டன. கடைசியில் கோயமுத்தூருக்குப் போய், ரிமோட்டில் பறக்கும் தெர்மாகோல் விமானம் ஒன்றை வாங்கி வந்து வயலுக்கு மேலே விட்டார். முதல் வாரம் மயில்கள் அலறிக்கொண்டு ஓடின. அடுத்த வாரம் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. அந்த வருஷத்து விளைச்சலில் பெரும்பங்கை மயில்கள் தின்றன. மீந்ததை விற்று பூபதிராஜா இன்னும் பெரிய விமானம் ஒன்றை வாங்கினார்.

அதாகிப் பதினைந்து வருஷம். இப்போதெல்லாம் அவர் வாங்குவதில்லை, தானே கட்டுகிறார். பஞ்சு மாதிரி கனமில்லாத கட்டையை அறுத்து எலும்புக்கூடு செய்து, அதன்மேல் வண்ணத்தாளை வைத்து, மனைவி மருதாத்தாளின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுவார். அந்தப் பெட்டியில் பிறகு தேய்க்கப்படும் சேலைகளில் எல்லாம் ஏதோ ஒரு விமானத்தின் நிறம் ஒட்டியிருக்கும். மருதாத்தாள் கல்யாண வீட்டுக்குப் போனால் முந்தானையை மடித்து உள்பக்கமாகச் செருகிக்கொள்வாள். கேட்டால் இப்போது இதுதான் ஸ்டைல் என்பாள்.

பதினைந்து வருஷம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதாகப் பொள்ளாச்சி டாக்டர் சொன்னார். கீழே பார்க்கிற வேலையாக ஏதாவது பாருங்கள் என்று அறிவுரையும் கொடுத்தார். பூபதிராஜாவின் ஆசையும் அதுதான், டாக்டருக்குத் தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் விமானம் இருக்கிற இடத்தில் தான் இருந்து, தான் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். டிக்கெட் எடுத்து ஏறுகிற விமானம் அவர் கணக்கில் சேராது. அது ஜன்னல் பூட்டிய பஸ். கதவில்லாத சின்ன விமானத்தில், விசிறிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, காற்று முகத்தில் அறைய அறைய மேலே போக வேண்டும். இதை அவர் மருதாத்தாளிடம் மட்டும்தான் சொன்னார். ஆகவே ஊருக்கே தெரியும்.

ஆசைப்படுவதில் தவறில்லை. சிக்கல் என்னவென்றால் பூபதிராஜா மரியாதை தெரிந்த மனிதர்.

எங்கள் பக்கத்து மரியாதைக்கு ஒரு முறை உண்டு. யாராவது ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை வேண்டாமென்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான், ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கி. மூன்றாம் தடவை, கொடுக்கிறவர் மனம் நோகக் கூடாதே என்ற பெருந்தன்மையில் வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே கை நீட்டுகிறவனைக் காணாததைக் கண்டவன் என்பார்கள். அவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். சந்தேகமிருந்தால் பந்தியில் பாருங்கள். சோறு வரும்போது இலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்து மறித்து, போதும் போதும் என்பார்கள். விரல்களுக்கு நடுவே சந்து இருக்கும். பரிமாறுகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான், சந்தைப் பார்த்துத்தான் கரண்டியைச் சாய்ப்பான். சந்தே இல்லாமல் மூடினால்தான் வயிறு நிறைந்ததென்று அர்த்தம்.

வேணுமா என்று கேட்கிறவனுக்கும் கடமை உண்டு, மூன்று தடவை கேட்க வேண்டும். ஆனால் நம் பெரியவர்கள் கஞ்சனையும் கைவிட்டுவிடவில்லை. அவன் ஒரு தடவை கேட்டு நிறுத்திக்கொள்ளலாம். கேட்டதாகவும் ஆகும், கொடுக்காமலும் ஆகும். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை வேறெந்த தேசத்திலும் கண்டுபிடித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பூபதிராஜாவின் அண்ணன் இந்த ஏற்பாட்டை நன்றாகக் கற்றவர். அப்பா காலமாகிச் சொத்துப் பிரித்த அன்று, ஊர்ப் பெரியவர்கள் நடுவில், ரோட்டோரப் பூமி உனக்கு வேணுமாடா என்று தம்பியிடம் கேட்டார். நீங்களே வெச்சுக்குங்கண்ணா, எனக்கெதுக்குங்க என்றார் தம்பி. சொல்லிவிட்டுத் தோள் துண்டைச் சரிசெய்தபடி இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு மோட்டார் ரூமைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிறகு காப்பி வந்தது. பூபதிராஜா அதையும் வேண்டாமென்றார்.

மகள் யோகப்பிரியா சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிளைட்டில் வாருங்கள் டிக்கெட் போடுகிறேன் என்றாள். எதுக்குக் கண்ணு தண்டச் செலவு என்றார் அப்பா. ஊர் மாறியதில் அவளுக்கு முறை மறந்திருந்தது; சரியென்று ரயிலுக்குப் போட்டுவிட்டாள். அவர் வாழ்க்கையில் முறைப்படி மூன்று தடவை கேட்கப்பட்ட ஒரே விஷயம் கல்யாணம். பெண் பிடித்திருக்கிறதா என்று மாமனார் கேட்டதற்கு இரண்டு தடவை மழுப்பி, மூன்றாவதற்குத் தலையாட்டினார். மாமனார் அசல் கொங்குக்காரர். மருதாத்தாள் கிடைத்தாள். அவளோடு அவள் தம்பி கந்தப்பனும் கிடைத்தான். அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கந்தப்பன் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகன். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். ஒரு ஜோடி காளைக்கு அவன் வேண்டாமென்று சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் வரை சொல்வான். காசு கொடுத்து வாங்குவதில்தான் அந்தப் பிடிவாதமெல்லாம். சும்மா கிடைப்பதை அவன் எக்காலத்திலும் மறுத்ததில்லை.

ரோட்டோரப் பூமியை அண்ணன், பக்கத்துத் தோப்புகளோடு சேர்த்து ஒரு வில்லாக் கம்பெனிக்கு விற்றார். கம்பெனி நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு தார் ரோடு போட்டது. ரோட்டுத் தலைப்பில் இரண்டு சிமெண்ட் யானை வைத்து வளைவு கட்டியது. அதற்குப் பிறகு கம்பெனியைக் காணவில்லை. வீடில்லாத, கரண்ட் கம்பமில்லாத, எங்கேயும் போய்ச் சேராத ரோடு ஒன்று மட்டும் மிஞ்சியது. அதில் மாடு படுத்திருக்கும், மிளகாய் காயும், கல்லூரிப் பையன்கள் பைக்கில் முன்சக்கரத்தைத் தூக்கிப் பழகுவார்கள்.

போன மாசியில் அந்த ரோட்டுக்கு விமானங்கள் வந்தன.

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் என்றொரு ஜாதி இருக்கிறது. பெங்களூர், கொச்சி, கோயமுத்தூர் என்று சிதறிக் கிடக்கும் சின்ன ஜாதி. கார் ஷெட்டிலும் கோழிப் பண்ணையிலும் மாமனார் வீட்டு மொட்டை மாடியிலும் வைத்து ஆள் ஏறுகிற விமானத்தைக் கையால் கட்டுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கூடி, ஒருவர் விமானத்தை இன்னொருவர் குறை சொல்லிவிட்டுப் பிரிவார்கள். இந்த வருஷம் நேரான ரோடு தேடி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி அனுமதி வாங்கி, எங்கள் ஊர் வில்லா ரோட்டில் வந்து இறங்கினார்கள். லாரியிலும் டிரெய்லரிலும் இறக்கையைக் கழற்றிப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். மாதிரி விமானம் விடுகிறவர்களும் வரலாம் என்று அழைப்பில் போட்டிருந்தது.

இது நடக்கும் என்று தெரிந்ததிலிருந்தே, ஏறக்குறைய ஒரு வருஷமாக, பூபதிராஜா ஒரே ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். விமானம் கட்டுகிறவர்களுடைய சங்கத்தின் தலைவர் பெள்ளியப்பாவிடம் மஞ்சள் நிறத்தில் கதவில்லாத இரண்டு சீட் விமானம் ஒன்று உண்டு. சங்கத்தின் இணையப் பக்கத்தில் அதன் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பூபதிராஜாவுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அதே விமானத்தைச் சின்னதாகச் செய்தார். சின்னது என்றாலும் இறக்கையை விரித்தால் ஓர் ஆள் நீளம். உள்ளே விமானியாக நரைத்த மீசை வைத்த பொம்மை ஒன்று. பக்கத்து சீட்டைக் காலியாக விட்டிருந்தார்.

அன்றைக்கு விடியும்போதே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, புதிதாக வாங்கிய ஷூவை மாட்டினார். மேலே போனால் வாந்தி வருமென்று எங்கேயோ படித்திருந்ததால் இட்லியைத் தொடவில்லை. மருதாத்தாள் வாசலில் வழிமறித்தாள்.

"ஏனுங், கூப்புட்டாங்கன்னா ஏறிப் போயிருங்க. அங்க போயி வேண்டாங்கிண்டாம்னு நிக்காதீங்க."

"கேக்காமயா உட்டுருவாங்க? பெரிய மனுசங்க. ஒருக்காவுக்கு மூணுக்கா கேப்பாங்க."

கந்தப்பனின் குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மஞ்சள் விமானத்தைப் பிள்ளைத்தாய்ச்சியைப் போல ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி சிமெண்ட் யானைகளைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது பூபதிராஜா தரையைப் பார்க்கவில்லை. அது எந்தப் பூமி என்று அவருக்குத் தெரியும்.

உத்காடனம் என்கிற திறப்பு விழா இல்லாமல் எங்கள் மாவட்டத்தில் போர்வெல் கூடத் தண்ணீர் கக்காது. பஞ்சாயத்து மெம்பர் குத்துவிளக்கேற்ற வந்தார். அவர் திரியில் நெருப்பு வைத்த நேரத்தில் பின்னால் யாரோ ஒரு விமானத்தின் விசிறியைச் சுற்றவிட்டார்கள், விளக்கு அணைந்தது. மெம்பர் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை, எதிர்க்கட்சியின் வேலையாக எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கணவாய்க் காற்று எழும்புவதற்குள் பறக்க வேண்டியவர்கள் வாட்சைப் பார்த்தார்கள். டிபன் பந்தலில் ஒரு பெண் பூபதிராஜாவிடம் பொங்கல் தட்டை நீட்டினாள். வேண்டாமுங்க என்றார். அவள் அடுத்தவருக்கு நீட்டினாள். இந்த ஒரு தடவை மட்டும் அவர் நிஜமாகவே வேண்டாமென்று சொன்னார்.

முதலில் மாதிரி விமானங்கள். நாலைந்து பேர் விட்டார்கள். ஒன்று மாமரத்தில் போய் உட்கார்ந்தது, ஒன்று வயர் கருகும் நாற்றத்தோடு தரையிலேயே நின்றுவிட்டது. பூபதிராஜாவின் முறை வந்ததும் மஞ்சள் விமானத்தை ரோட்டின் நடுவில் வைத்தார். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மெதுவாகக் குச்சியைத் தள்ளினார். அது சிறிது தூரம் ஓடியது, வாலைத் தூக்கியது, பிறகு தரையோடு சண்டை போடாமல் விலகுகிற மாதிரி எழும்பியது. பேச்சு நின்றது. அது மாந்தோப்புக்கு மேலே அகலமாகத் திரும்பி, வெயிலில் ஒரு பக்க இறக்கை மின்ன, ரோட்டின் ஓரத்தில் நின்ற பெரிய மஞ்சள் விமானத்துக்கு நேர் மேலே வந்தது. சின்னதின் நிழல் பெரியதின் முதுகில் ஏறி இறங்கியது. பூபதிராஜா அண்ணாந்தபடி நின்றார். கழுத்து வலித்திருக்கும். விரல் மட்டும் அசைந்தது. இரண்டு சுற்று முடித்து, சக்கரம் தொட்டதே தெரியாமல் இறக்கி, தன் ஷூ நுனியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கைதட்டல் அடங்குவதற்குள் பெள்ளியப்பா வந்துவிட்டார். குடகுக்காரர், எழுபதை நெருங்குகிறவர், போட்டோவில் இருந்த அதே நரைத்த மீசை. காப்பித் தோட்டம் வைத்திருந்தபோது வேலையாட்களிடம் கற்ற தமிழ் அவருடையது. அந்தத் தமிழில் சுற்றுவழி கிடையாது. மூட்டை தூக்குகிறாயா என்றால் தூக்குகிறேன் என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். அதோடு பேச்சு முடியும்.

குனிந்து, இறக்கையில் இருந்த கறுப்புச் சதுரம் ஒன்றை விரலால் தொட்டார்.

"இது ஓசூர்ல மரத்துல மோதின காயம். ஒட்டுப் போட்டிருந்தேன். பெறகு பெயிண்ட் அடிச்சு மறைச்சாச்சு. நீ அதையுமா செஞ்ச?"

"போட்டோல இருந்துச்சுங்க. டிசைனாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

பெள்ளியப்பா வாய்விட்டுச் சிரித்தார். தன் காயத்தை ஒரு வருஷம் உட்கார்ந்து அளவெடுத்துச் செய்த மனிதனை அவர் அதுவரை சந்தித்ததில்லை. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். மீசை பொம்மையைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் இருந்த காலி சீட்டையும் பார்த்தார்.

"இது நான். சரி. இது யாருக்கு?"

சும்மா விட்டுவிட்டதாகப் பூபதிராஜா சொன்னார். பெள்ளியப்பா நிமிர்ந்து தன் விமானத்தைக் கைகாட்டினார்.

"பெருசுலயும் அந்த சீட்டு காலிதான். வர்றியா? இப்பவே போலாம்."

பதினைந்து வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் வந்துவிட்டது. வயிறு காலியாக இருந்தது, ஷூ புதிதாக இருந்தது, காற்று இன்னும் எழும்பவில்லை. பூபதிராஜாவின் உடம்பு முழுக்க வருகிறேன் என்றது. நாக்கு மட்டும் வளர்ந்த வளர்ப்பை மறக்கவில்லை.

"வேண்டாமுங்க. உங்களுக்கெதுக்குங்க செரமம்."

சொல்லும்போது இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து மறித்தார், பந்தியில் மறிப்பது போல. விரல்களுக்கு நடுவே தாராளமாகச் சந்து இருந்தது. குடகில் அதைப் பார்த்துப் பழக்கமில்லை.

"சரி," என்றார் பெள்ளியப்பா.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விமானம் கட்டுகிற அவர் ஜாதிக்கும் ஒரு மரியாதை உண்டு. பறக்க மாட்டேன் என்கிற ஆளை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. கேட்டால் அவன் பயத்தைப் பத்துப் பேர் நடுவில் எடுத்துக் காட்டிய மாதிரி ஆகிவிடும். அவன் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகப் பெள்ளியப்பா உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரும் முழு மரியாதையோடு நடந்துகொண்டார்கள். அவ்வளவு மரியாதையை அந்த ரோடு அதற்கு முன் பார்த்திருக்காது.

பூபதிராஜா மச்சினனைப் பார்த்தார். முறையில் இதற்கும் இடமிருக்கிறது. கூட வந்தவன் குறுக்கிட்டு, கூப்புடறாங்கள்ல, போயிட்டு வாங்க என்று தள்ளிவிடலாம். அது இரண்டாம் அழைப்பாகக் கணக்கில் சேரும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் ஒரு விரலின் நடுக்கத்தை வைத்தே மனசைப் படிக்கிற கந்தப்பனுக்கு, மச்சான் முகம் தெரியாமலா இருக்கும்? அவன் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பெள்ளியப்பாவிடம் திரும்பினான்.

"அவுரு வேண்டாம்னா நான் வர்றனுங்க சார்."

எடை எவ்வளவு என்று பெள்ளியப்பா கேட்டார். கந்தப்பன் ஒரு சினை மாட்டின் வயதைக் குறைக்கிற லாவகத்தில் தன் எடையைக் குறைத்துச் சொன்னான். விமானம் அதை நம்பிவிட்டு, ரோட்டின் கடைசி வரை ஓடி, சிமெண்ட் யானைகளின் தும்பிக்கையை உரசுகிற மாதிரி எழும்பியது. பூபதிராஜா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மாந்தோப்புக்கு மேலே திரும்பும்போது கந்தப்பனின் தோள் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து, ஒரு மரத்தின் உச்சியில் சிக்கியது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் அது கிளிகளை நன்றாக விரட்டுவதாகச் சொல்கிறார்.

இறங்கியதும் கேட்பார்கள் என்று பூபதிராஜா நம்பினார். விமானத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். யாராவது திரும்பினால் கண்ணில் படுகிற இடத்தில், ஆனால் வேண்டுமென்றே நிற்பதாகத் தெரியாத தூரத்தில். ஒரு முறை சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு முறை, மேலே குளிருமுங்களா என்று பொதுவாகக் கேட்டார். குளிராது என்று யாரோ சொன்னார்கள். அப்போது காற்று எழும்பியது. கணவாயில் ஏறி வருகிற காற்று. பந்தல் துணி பட்டென்று அடித்தது, டிபன் தட்டுகள் ரோட்டில் ஓடின. இன்றைக்கு அவ்வளவுதான் என்றார் பெள்ளியப்பா. ஆட்கள் பெரிய மஞ்சள் விமானத்தின் இறக்கையைக் கழற்றி டிரெய்லரில் படுக்க வைத்துக் கட்டினார்கள். காலி சீட்டின்மேல் தார்பாலின் விழுந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் பூபதிராஜா அடுத்த மாசியை எதிர்பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். பெள்ளியப்பா கிளம்பும் முன் விடைபெற வந்தார். சின்ன விமானத்தின் முன்னால் உட்கார்ந்து மறுபடியும் அந்தக் காயத்தைத் தடவினார். கண்ணை எடுக்க முடியவில்லை என்றார். இதைப் பார்த்தால் வீட்டில் நம்ப மாட்டார்கள் என்றார்.

இங்கே இன்னொரு முறை இருக்கிறது. வந்தவர் நம் பொருளைப் புகழ்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். முருங்கைக்காயானாலும் சரி, கறவை மாடானாலும் சரி. ஐயையோ, அதெல்லாம் வேண்டாம் என்று அவர் பதற வேண்டும். இரண்டு பேருக்கும் நல்ல பெயர், பொருள் நம்மிடமே இருக்கும்.

"புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க," என்றார் பூபதிராஜா.

பெள்ளியப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நெசமாவா சொல்ற?"

காலையிலிருந்து அவர் காத்திருந்த இரண்டாம் தடவை இப்போது வந்தது. தப்பான கேள்விக்கு வந்தது. கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவதற்கு எங்கள் முறையில் எந்தச் சந்தும் கிடையாது.

"நெசந்தானுங்க."

பெள்ளியப்பா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். விமானம் கட்டிய நாற்பது வருஷத்தில் தனக்கு இப்படியொரு பரிசு யாரும் கொடுத்ததில்லை என்றார். பொய்யில்லை. எவனும் கொடுக்க மாட்டான். இறக்கையின் திருகாணிகளைப் பூபதிராஜாவே கழற்றினார், மற்றவர்கள் தொட்டால் உடைந்துவிடும். அவரே வைக்கோலைப் பரப்பி, ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கட்டினார். ரிமோட்டையும் நீட்டியபோது, தன்னிடம் வேறு இருக்கிறதென்று பெள்ளியப்பா மறுத்தார். மறுப்பென்றால் மறுப்பு. பிறகு தன் தலையில் இருந்த சங்கத்துத் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"எதுக்குங்க அதெல்லாம்," என்றார் பூபதிராஜா.

தொப்பி கந்தப்பனின் தலைக்குப் போனது.

மத்தியானம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கந்தப்பன் தொப்பியோடு வந்தான், பூபதிராஜா கழுத்தில் ரிமோட்டோடு வந்தார். மருதாத்தாள் வண்டியை எட்டிப் பார்த்தாள், வைக்கோல் மட்டும் இருந்தது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். உட்காருங்க என்று இலை போட்டாள். அங்கேயே பந்தல் போட்டுச் சாப்பாடு போடுவார்கள் என்று நினைத்து அளவாகத்தான் சோறு வடித்திருந்தாள்.

கந்தப்பன் சாப்பிட்டுக்கொண்டே மேலே பார்த்ததைச் சொன்னான். அக்கா, உன்ற ஊடு தீப்பெட்டியாட்டம் இருக்குது என்றான். நீ காயப்போட்ட சேலை தெரிஞ்சுது, அதுல ஒட்டியிருக்கற நீலம்கூடத் தெரிஞ்சுது என்றான். மச்சான் வயலைப் பார்த்தேன், நடுவில் மயில் நாலு நடந்துகொண்டிருந்தன, மேலேயிருந்து பார்த்தால் ஓணான் மாதிரி இருக்கிறது என்றான். போனில் எடுத்த வீடியோவை அக்காவுக்குக் காட்டினான். பூபதிராஜா கேட்டுக்கொண்டே ரசத்தைப் பிசைந்தார்.

"மச்சா, நீங்க வந்திருக்கோணும். ஏன் வேண்டாம்னீங்கன்னே எனக்குத் தெரியல."

பூபதிராஜா இலையில் மிஞ்சிய பருக்கைகளை விரலால் வழித்தெடுத்தார்.

மருதாத்தாள் சட்டியோடு தம்பியிடம் வந்தாள். போதுங்கா என்று அவன் இலைக்கு மேலே கையை மறித்தான். என்ன சாப்புட்ட, போடறேன் என்றாள். ஐய, வயிறு ரொம்பிப் போச்சு என்றான். மேல போயிட்டு வந்திருக்கற, தெம்பு வேண்டாமா என்று மூன்றாம் தடவையும் கேட்டு, விரல் சந்தில் கரண்டியைச் சாய்த்தாள். அவன் சாப்பிட்டான். திரும்பவும் வந்தாள், திரும்பவும் மறித்தான், திரும்பவும் விழுந்தது. கூடப்பிறந்தவர்கள். முறை ஒரு பிசகில்லாமல் நடந்தது. அவன் கை கழுவி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வீடியோவை நண்பர்களுக்கு அனுப்ப வாசலுக்குப் போனான்.

பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குங்? இன்னுங் கொஞ்சம் போடட்டுங்ளா?"

விடிந்ததிலிருந்து பட்டினி கிடந்த மனிதர் அவர். இலை காலியாக இருந்தது. இடது கை பழக்கத்தில் எழும்பி இலைக்கு மேலே வந்தது. பூபதிராஜா அதைப் பார்த்தார். மெதுவாக இறக்கித் தொடையின்மேல் வைத்தார். ஐம்பத்தைந்து வயதில், முதல் கேள்விக்கே, அவர் சொன்னார்:

"போடு."

மருதாத்தாள் அப்படியே நின்றாள். கையில் இருந்த சட்டியைப் பார்த்தாள். கரண்டியை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள், அடிச்சட்டி கீறுகிற சத்தம் கேட்டது.

"நீங்க எப்பயும் வேண்டாம்பீங்களேன்னு... அதாங் கேட்டனுங்."

சட்டியைச் சாய்த்து வெறும் அடியை அவருக்குக் காட்டினாள்.

"உலை வெக்கட்டுங்ளா? அரை மணி நேரத்துல ஆயிரும்."

"வேண்டாம்," என்றார் பூபதிராஜா.

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் அது விழுகிற சத்தம் வந்தது. அவர் இலையை மடிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வாசலில் கந்தப்பன் யாருக்கோ வீடியோவைப் போட்டுக் காட்டினான். போனிலிருந்து அந்த மஞ்சள் விமானத்தின் சத்தம் எழும்பியது. பூபதிராஜாவின் கழுத்து தன்னால் அண்ணாந்தது. மேலே கூரை ஓடும், ஓட்டுக்குக் கீழே ஒட்டடையும் இருந்தன.